சுவரில் என் முகம்

தாளில் எழுதி, அதைப் படமெடுத்து இங்கே போடுகிறேன். போன வருடம்தான் எழுதப் படிக்கக் கற்றேன். கோணல் எழுத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பத்திரிகை அட்டைகளுக்கு நடிகர்களைப் படமெடுத்தே பேர் வாங்கியவர் ஒருவர், போன மாதம் முத்தியால்பேட்டையில் என்னை நிறுத்தி, "சிரிக்காதீங்க ஐயா" என்று ஒரு படம் எடுத்தார்.

இன்று காலை டீக்கடைச் சுவரில் ஆளுயரத்துக்கு என் முகம். எங்கள் தெருச் சுவரில் நடிகர்களும் செத்தவர்களும்தான் வருவார்கள். நான் நடிகன் இல்லை.

என் மனைவிக்குப் படிக்கத் தெரியாது. இதைப் பார்த்தால் அவள் தாங்குவாளா?

'கண்ணீர் அஞ்சலி' எங்கே என்று தேடினேன். எழுத்துக் கூட்டினால், 'புகைப்படக் கண்காட்சி, அனைவரும் வருக.'

வீட்டுக்கு ஓடினேன். வாசலில் எதிர்வீட்டுக்காரர் மாலையோடு நிற்க, மனைவி திட்டிக்கொண்டிருந்தாள்: "இப்பதான் தோசை தின்னுட்டுப் போச்சு, அந்த மனுஷனுக்கா மாலை?"

நல்ல சாமந்தி; மாலை இப்போது என் கையில். திருப்பிக் கொடுக்கலாமா, நானே போட்டுக்கொண்டு கண்காட்சிக்குப் போகலாமா? சொல்லுங்கள்.