சகலை வாங்கிய ரைபிள்

திருத்தணி, பள்ளிப்பட்டு வட்டாரங்களை ஆந்திராவிலிருந்து பிரித்துச் சென்னை மாநிலத்தோடு சேர்த்தார்களே, அந்தச் சமயத்தில் நடந்த சங்கதி இது. சித்தூர் ஜில்லாவில், புத்தூருக்கும் நகரிக்கும் நடுவில் ஒரு கிராமத்தில் நான் வேர்க்கடலை பயிர் செய்துகொண்டிருந்தேன். வயது முப்பது இருக்கும். கொல்லைக்குப் பின்னால் மலை. மலை நிறையக் காட்டுப் பன்றி. ஒரு கூட்டம் இறங்கிவிட்டால், பொழுது விடியும்போது அரைக் காணிக் கடலை உழுது போட்ட மாதிரி கிடக்கும். அதனால் எனக்குக் கலெக்டர் ஆபீஸில் துப்பாக்கி லைசென்ஸ் கொடுத்தார்கள். எங்கள் ஊரிலேயே முதல் லைசென்ஸ் என்னுடையது. அதைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு கொஞ்ச நாள் திரிந்தேன்.

துப்பாக்கி வாங்கப் பட்டணம் போனேன். கடைக்காரர் நான் மலையடிவாரத்துக்காரன் என்று தெரிந்ததும் ஒரு சின்ன ரைபிளை எடுத்துக் கையில் கொடுத்தார். குழல் குட்டை, கனம் இல்லை, மலை ஏற்றத்துக்கு இதுதான் தோது என்றார். எனக்கு அது கரும்புக் கழி மாதிரி இருந்தது. துப்பாக்கி என்றால் பார்ப்பவர்கள் பயப்பட வேண்டாமா? நீளமான ரெட்டைக் குழல் துப்பாக்கி ஒன்றைக் காட்டி அதையே கட்டச் சொல்லிவிட்டேன். எட்டு ராத்தல் கனம். கூடத்தில் மாட்டினால் ஜமீன் வீடு மாதிரி இருந்தது. வந்தவர்கள் எல்லாம் அண்ணாந்து பார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்தார்கள்.

என் மனைவியின் தங்கையைக் கட்டியவர், அதாவது என் சகலை, பள்ளிப்பட்டுப் பக்கத்துக்காரர். என்னைவிட நாலு வயது சின்னவர். எங்கள் மாமனார் வீடு புத்தூரில். நான் பெரிய மாப்பிள்ளை, அவர் சின்ன மாப்பிள்ளை. இரண்டு மாப்பிள்ளை உள்ள வீட்டில் யாருக்கு முதலில் இலை போடுகிறார்கள், யார் வந்தால் மாமியார் வாசல் வரைக்கும் வருகிறார் என்பதெல்லாம் சின்ன விஷயம் இல்லை. அனுபவித்தவர்களுக்குத் தெரியும். அதுவரைக்கும் எல்லாம் எனக்குத்தான் முதலில்.

மறு வருடமே அவருக்கும் லைசென்ஸ் வந்துவிட்டது. அப்போது அவர் ஊரும் சித்தூர் ஜில்லாதான். துப்பாக்கி பார்த்து வாங்க என்னையும் கூப்பிட்டார். "உங்களுக்குத்தான் இதெல்லாம் தெரியும்ணா, நீங்க வந்து நின்னா போதும்" என்றார். பெருமையாகத்தான் போனேன். நான் வாங்கிய அதே கடை. நான் ரெட்டைக் குழலைக் காட்டினேன். அவர் தலையாட்டிவிட்டு, நான் வேண்டாம் என்று தள்ளிய ரகத்து ரைபிளைக் கையில் எடுத்தார்.

அதன் பிறகு அவர் செய்ததை என்னால் இன்றைக்கும் மறக்க முடியவில்லை. ரைபிளைத் தோளில் மாட்டிக்கொண்டு கடையின் மாடிப் படியில் ஓட்டமாக ஏறினார், இறங்கினார், மறுபடி ஏறினார். இப்படி ஏழெட்டுத் தடவை. வேர்த்துக் கொட்ட, மேல் மூச்சு கீழ் மூச்சு வாங்க வந்து நின்று, சட்டென்று ரைபிளைத் தூக்கி எதிர்ச் சுவர்க் கடிகாரத்தைக் குறி பார்த்தார். அப்புறம் அதை வைத்துவிட்டு இன்னொன்றை மாட்டிக்கொண்டு திரும்பப் படி ஏறப் போய்விட்டார். கடைப் பையன்கள் சிரித்தார்கள். எனக்கு மானம் போயிற்று.

"இன்னா சகலை இது, கூத்து?" என்றேன்.

"மலை மேல போய் நிக்கும்போது இப்பிடித்தானணா மூச்சு வாங்கும்? அப்போ எது கையில ஆடாம நிக்கிதோ, அதுதான் நம்முளுது."

ரொம்ப லேசான ஒன்றையும் அவர் எடுக்கவில்லை. அது தோளை இடிக்கும், மூச்சு வாங்கும்போது குழல் அலைபாயும் என்று கடைக்காரரே சொல்ல வந்ததை இவர் முந்திக்கொண்டு சொன்னார். கடைசியில் ஆறரை ராத்தலில் ஒன்றை எடுத்து, வாரை மட்டும் அகலமாக மாற்றிப் போடச் சொன்னார். கடைக்காரர் அவரிடம் பேசிய மரியாதையைப் பார்த்ததும் எனக்கு வயிறு எரிய ஆரம்பித்தது. என்னிடம் அவர் அப்படிப் பேசவில்லை.

அந்த வருடம் காட்டு இலாகாவில் அனுமதி வாங்கிக்கொண்டு, கட்டுச்சோறு கட்டி, எங்கள் ஊர் மலைக்குள் மூன்று நாள் வேட்டைக்குப் போனோம். இரண்டாவது ஏற்றத்திலேயே என் ரெட்டைக் குழல் தோள் பட்டையை அறுத்துவிட்டது. கல்லைக் கண்ட இடமெல்லாம் நின்றேன். அவரோ ரைபிள் முதுகில் இருப்பதே தெரியாமல் முன்னால் போய்க்கொண்டிருந்தார். சுனைக்கு மேலே பன்றி கிளம்பியபோது நான் மார்பில் கை வைத்துக்கொண்டு நூறடிக்கு மேல் கீழே நின்றிருந்தேன். ஒரே வெடி. பன்றி சாய்ந்தது.

எங்கள் பக்கத்து வழக்கப்படி யார் தோட்டா சாய்த்ததோ அவருக்குத் தலையும் ஒரு தொடையும் தனிப் பங்கு. மீதியைக் கூட வந்தவர்கள் கூறு போட்டுக்கொள்வார்கள். அவர் தன் தொடையை அப்படியே மாமனார் வீட்டில் இறக்கினார். அன்றைக்கு மாமியார் முதல் இலையை அவருக்குப் போட்டார். வீட்டுக்கு வந்த பிறகு என் மனைவி வேறு, "மாட்டி வெச்சிக்கினு அழகு பாக்கத்தான் உங்க துப்பாக்கி. தங்கச்சி ஊட்டுக்காரரு வாங்கினாரே, அது துப்பாக்கி" என்றாள். துன்ன சோறு செரிக்கவில்லை என்பார்களே, எனக்கு அந்தத் தொடைக்கறி இரண்டு நாள் செரிக்கவில்லை.

அப்புறம் இரண்டு வருடம் இதே கதை. போகிற ஒவ்வொரு வேட்டையிலும் தலையும் தொடையும் அவருக்கே. எனக்கு அந்த ரைபிள் மேல் அப்படி ஒரு ஆசை, அவர் மேல் அப்படி ஒரு எரிச்சல். நான் தள்ளியது என்பதுதான் பொறுக்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் எல்லை பிரித்தார்கள். என் ஊர் ஆந்திராவில் நின்றது. அவர் ஊர் சென்னை மாநிலத்துக்குப் போயிற்று. சித்தூர் கலெக்டர் கொடுத்த லைசென்ஸ் சித்தூர் ஜில்லாவில் குடியிருப்பவர்களுக்குத்தான் செல்லும். அவர் லைசென்ஸைச் செங்கல்பட்டு ஜில்லாவுக்கு மாற்றக் கேட்டு முறையாக எழுதிப் போட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தார். அது எனக்குத் தெரியும். தெரிந்தேதான் செய்தேன்.

ஊரில் யாருக்கும் தெரியாமல் கார்வேட்டிநகரம் வழியாகப் போகிற பஸ்ஸில் சித்தூருக்குப் போனேன். கலெக்டர் ஆபீஸுக்கு வெளியே ஒரு புங்க மரத்தடியில் மனு எழுதுகிறவர் ஒருவர் உட்கார்ந்திருப்பார். தெலுங்கில் எனக்குப் பேச வருமே தவிர, ஆபீஸுக்கு எழுதுகிற அளவுக்கு வராது. அவரிடம் சொல்லி ஒரு மொட்டை மனு எழுதச் சொன்னேன். சகலையின் பேர், ஊர், ரைபிள் விவரம் எல்லாம் சொன்னேன். யார் பேரில் என்று கேட்டார். பேர் வேண்டாம், ஊர் மக்கள் என்று போடுங்கள் என்றேன். மூக்குக் கண்ணாடிக்கு மேலாக என்னை ஒரு தடவை பார்த்தார். அவ்வளவுதான்.

அங்கே ஒரு வழக்கம். எழுதி முடித்ததும் மனுவை அவரே உரக்கப் படித்துக் காட்டுவார். மேற்படி நபர் இப்போது வேறு ராஜ்யத்துக்காரர், செல்லாத லைசென்ஸோடு நம் மலையில் வேட்டையாடுகிறார், இவரால் ஊர் மக்கள் உயிருக்கு ஆபத்து என்று அவர் வாயால் தெலுங்கில் கேட்டபோது எனக்கே உடம்பு கூசியது. கடைசி வரி முழுப் பொய். ஆனாலும் தபாலில் போட்டுவிட்டுத்தான் பஸ் ஏறினேன்.

பொங்கலுக்கு அவர் குடும்பத்தோடு, வேட்டைக்கு ரைபிளையும் எடுத்துக்கொண்டு புத்தூர் வந்திருந்தபோது போலீஸ் ஸ்டேஷனிலிருந்து ஆள் வந்தது. நானும் அங்கேதான் இருந்தேன். லைசென்ஸைப் பார்த்தார்கள், ரைபிளை ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொன்னார்கள். அவர் தோள் துண்டால் குழலைத் துடைத்து, "ஈரம் படாம வெய்ங்க சார், மாசத்துக்கு ஒரு வாட்டி எண்ணெ தடவணும்" என்று குழந்தையைப் பள்ளிக்கூடத்தில் விடுகிறவர் மாதிரி சொல்லிக் கொடுத்தார். மாமியார் அழுதார். நான் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றேன். உள்ளே எனக்குப் பாயசம் குடித்த மாதிரி இருந்தது. இருந்ததை இருந்தபடி சொல்கிறேன்.

ஒரு மாதம் கழித்து அவர் என் வீட்டுக்கு வந்தார். என்னைச் சித்தூருக்கு வரச் சொன்னார். எதற்கு என்று கேட்டேன்.

"அந்த ரைபிள உங்க பேர்ல மாத்திடலாம்ணா."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவரே சொன்னார்: "லைசென்சு எப்போ மாறி வருமோ. மாறி வந்தாலும் மலை உங்க பக்கம் போயிடுச்சு. எங்க ஊர்ல வெச்சிக்கினு நான் இன்னா பண்றது? நீங்கதான் அந்தக் கனத்தத் தூக்கிக்கினு செரமப்படறீங்க. ஏத்தத்துல மார்ல கை வெச்சிக்கினு நீங்க நிக்கறத நான் எத்தினி வாட்டி பாத்திருக்கறேன். மாத்திக்கலாமான்னு கேட்டா தப்பா எடுத்துக்குவீங்களோன்னு வாயே தொறக்கல."

வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். உடனே சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன். ரைபிள் மேல் ஆசை அவ்வளவு.

சித்தூர் போய் இறங்கினோம். கலெக்டர் ஆபீஸ் வாசலில் மனு எழுதுகிறவர்கள் வேறு யாராவது இருக்க மாட்டார்களா என்று சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். அன்றைக்கு அந்தப் புங்க மரத்தடிக்காரர் ஒருவர்தான் இருந்தார். நான் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு சகலைக்குப் பின்னால் உட்கார்ந்தேன். சகலை விவரம் சொல்லச் சொல்ல அவர் எழுதிக்கொண்டே வந்தார். பேரும் ஊரும் ரைபிள் விவரமும் வந்ததும் பேனா நின்றுவிட்டது. நிமிர்ந்து முதலில் சகலையைப் பார்த்தார், அப்புறம் என்னைப் பார்த்தார். இப்போது இவர் ஒரு வார்த்தை சொன்னால் என் மாமனார் வீட்டில் நான் இனிமேல் எப்படி நுழைவேன், என் மனைவி முகத்தில் எப்படி விழிப்பேன்?

"இத்த யாரு மனு போட்டுப் புடிச்சிக் குடுத்தாங்கன்னு தெரியுமா பாபு?" என்று சகலையைக் கேட்டார்.

"எவனோ, போவுது. பழைய லைசென்சு இனிமே எனக்குச் செல்லாதுன்றது நெசந்தான?" என்றார் சகலை.

அவர் மறுபடி எழுதினார். வழக்கப்படி உரக்கப் படித்தார். என் மனைவியின் தமக்கையின் கணவர், எனக்கு அண்ணன் முறை, யோக்கியர், ஆயுதத்தைப் பொறுப்பாக வைத்துக்கொள்ளக் கூடியவர், அவர் பேரில் எனக்குப் பூரண நம்பிக்கை உண்டு என்று ஒவ்வொரு வரியாகத் தெலுங்கில் வந்தது. சகலை ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். அவர் கையெழுத்துப் போட்ட பிறகு, நான் ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போடும் இடம் வந்தது. மனு எழுதுகிறவர் காகிதத்தை என் பக்கம் திருப்பி வைத்து, பேனாவை நீட்டினார்.

"இந்த வாட்டி பேரு போடலாமா?" என்று கேட்டார்.

அவ்வளவுதான் கேட்டார். குரலில் கோபமும் இல்லை, கேலியும் இல்லை. சகலை என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு, "போடுங்கணா, இன்னா யோசன?" என்றார். எப்படிக் கையெழுத்துப் போட்டேனோ தெரியாது. அதை எழுத்துக் கூட்டிப் படிக்க ஆபீஸ் குமாஸ்தா சிரமப்பட்டார்.

உத்தரவு வந்து ரைபிள் என் கைக்கு வந்தது. ஆசைப்பட்ட பொருள். அதை எடுத்துக்கொண்டு மலை ஏறினேன், மூச்சு வாங்கவே இல்லை. சுனைக்கு மேலே அதே இடத்தில் பன்றி கிளம்பியது. மூன்று தோட்டா போட்டேன். மூன்றும் பாறையில் பட்டுத் தெறித்தது. பன்றி அவசரமே இல்லாமல் போயிற்று. இத்தனை நாளும் ரைபிள்தான் பன்றியைச் சாய்க்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

பின்னால் வேட்டைக்கே தடை வந்துவிட்டது. ரைபிளையும் சர்க்காரிடமே கொடுத்துவிட்டேன். அவரிடம் மட்டும் நான் வாய் திறக்கவில்லை. எத்தனையோ கல்யாணம், எத்தனையோ சாவு, எல்லாவற்றிலும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தோம். சொல்ல நினைப்பேன். அவர் "சாப்ட்டீங்களாணா" என்று கேட்பார். அதற்குமேல் வராது.

இப்போது எனக்கு எழுபது தாண்டிவிட்டது. அவர் திடமாகத்தான் இருக்கிறார். இந்தப் பத்திரிகை அவர் வீட்டிலும் வாங்குகிறார்கள். மதியம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒரு பக்கம் விடாமல் படிப்பார். நான் இதில் யார் பேரும் எழுதவில்லை. மாடிப் படியில் ஏறி இறங்கிய இடத்திலேயே அவருக்குத் தெரிந்துவிடும். படித்துவிட்டு அவர் என்னைத் திட்டினால் எனக்கு நிம்மதி. திட்டாமல் வழக்கம் போல வந்து பக்கத்தில் உட்கார்ந்தார் என்றால், அந்த மனசைப் பார்த்து இந்த வயதிலும் எனக்கு வயிறு எரியத்தான் போகிறது.