ரிஸ்வானும் எங்கள் சனிக்கிழமைகளும்

குகன் கனடாவிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில்தான் அழைப்பான். அன்று செவ்வாய்க்கிழமை. நான் பல்லேகலையில், பாதி கட்டிய தொழிற்சாலையொன்றின் மேல்தளத்தில் நின்றுகொண்டிருந்தேன்.

“சுமதி, எங்க நிக்கிறாய்?”

“சைட்ல. ஏன்?”

“எங்கையாவது இருந்துகொண்டு கேள். ரிஸ்வான் போயிட்டான். காலமை வேலைக்கு வெளிக்கிடேக்க நெஞ்சு நோகுதெண்டவனாம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோற வழியிலயே முடிஞ்சுதாம்.”

அருகில் அடுக்கியிருந்த பலகைகளின் மேல் உட்கார்ந்துவிட்டேன். அழைப்பை இருவருமே துண்டிக்கவில்லை. கீழே கொங்கிறீட் கலக்கும் இயந்திரம் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

கட்டுகஸ்தோட்டை நெரிசலைக் கடந்து அவன் ஊரான அக்குறணைக்குப் போய்ச் சேர்ந்தபோது ஜனாஸாவை அடக்கத்துக்கு எடுத்துவிட்டார்கள். அவன் முகத்தை நான் பார்க்கவில்லை. உள்ளே பெண்கள் நிறைந்த அறையில் அவன் மனைவி சுஹைரா என் கையைப் பிடித்துக்கொண்டாள். “நீங்கதானே தெல்தோட்டச் சுமதி? வீட்டுல எப்பவும் ஒங்கட கததான்,” என்றாள். ஆறுதல் சொல்லப் போனவள் நான். அழுததும் நான்தான்.

ஒரே ஆண்டில் ஒன்றாகப் படித்த எங்கள் பெட்ச்சின் வாட்ஸப் குழுவில் பலர் “நல்ல மனிதர்” என்று எழுதியிருந்தார்கள். உண்மைதான். ஆனால் எப்படிப்பட்ட நல்ல மனிதர் என்பதையும் யாராவது எழுதிவைக்க வேண்டும். அவனை “அவர்” என்று எழுத எனக்குக் கை வரவில்லை. பேராதனைப் பல்கலைக்கழகத்தில் எங்களோடு பொறியியல் படித்தவர்களும், பின்னர் அவனோடு வேலை செய்தவர்களும் பொறுத்துக்கொள்வார்கள் என்று நம்புகிறேன்.

அவனை முதன்முதலில் நான் சரியாகப் பார்த்ததே தலைகீழாகத்தான். முதலாம் ஆண்டு நில அளவைச் செய்முறை வகுப்பு. எங்களுக்குத் தந்த மட்டக்கருவி மிகப் பழையது. அதன் குழாய் வழியே பார்த்தால் எதிரே இருப்பதெல்லாம் தலைகீழாகத் தெரியும். ஒவ்வொரு குழுவிலும் ஆண்கள் கருவியைப் பிடித்துக்கொள்வார்கள். பெண்களுக்குக் கிடைப்பது தூரத்தில் வெயிலில் அளவுகோலைப் பிடித்துக்கொண்டு நிற்கும் வேலை. நானும் கேட்காமலே கோலை எடுத்துக்கொண்டு நடக்கத் தொடங்கினேன். பின்னால் ஓடிவந்து அதை வாங்கிக்கொண்டவன் ரிஸ்வான்.

“நீங்க போய்ப் பாருங்க. வெயில் எனக்குப் பழக்கம். வாப்பாட கடையில லொறியில இருந்து கம்பி எறக்கின ஆள் நான்.”

கண்ணை வைத்துப் பார்த்தேன். மகாவலி ஆற்றுப் பக்கத்துப் புல்வெளியில், வானத்திலிருந்து தொங்குகிறவனைப் போல, கோலைப் பிடித்தபடி அவன் தெரிந்தான். அவனுக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். சட்டென்று நாக்கை நீட்டிக் காட்டினான். நான் சிரித்த சிரிப்பில் கருவி அசைந்து, எல்லாவற்றையும் மறுபடி மட்டம் பார்க்க வேண்டியதாயிற்று. யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருந்த குகன் அளவுகளை எழுதிக்கொண்டிருந்தான். “விசர் பிடிச்ச குறூப்பில வந்து மாட்டிட்டன்,” என்று அவன் சலித்துக்கொண்டதும் அன்றுதான். அந்த விசர் பிடித்த குழு பிறகு பிரியவேயில்லை.

உயர்தர வகுப்புவரை நான் தமிழில் படித்தவள். பேராதனையில் எல்லாம் ஆங்கிலம். பொறிமுறை விரிவுரைகளில் கரும்பலகையில் இருப்பதை எழுதிக்கொண்டு வருவேன், விடுதியில் விரித்துப் பார்த்தால் ஒன்றும் விளங்காது. முதல் இடைத்தேர்வில் கடைசி வரிசையில் வந்தேன். தெல்தோட்டைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து பொறியியலுக்குப் போன பெண் என்று எங்கள் பக்கத்தில் எல்லோரும் பேசிக்கொண்டிருந்த காலம் அது. கலஹா பஸ்ஸில் ஏறி வீட்டுக்குப் போய்விடலாமா என்றுகூட நினைத்தேன்.

சோதனைக்கு முன்னர் ஒரு மாணவர் மற்ற மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதை எங்கள் வளாகத்தில் “குப்பி” என்பார்கள். ரிஸ்வான் தமிழில் குப்பி எடுத்தான். எனக்காகத்தான் தொடங்கினான் என்று குகன் பிறகு சொன்னான். சில நாட்களில் மரத்தடியில் இடம் போதாமல் போயிற்று. அவன் சொல்லிக்கொடுத்த விதம் இதுதான்: “மொதல்ல அந்தச் சாமானத் தனிய வெளிய எடுத்து வைங்க. பொறகு, அதை ஆரெல்லாம் தொடுறாங்க எண்டு பாருங்க. தொடுற ஒவ்வொண்டும் ஒரு விசை. ஒண்டை உட்டாலும் கணக்குப் பிழைச்சுப் பெய்த்து.” அதுவரை எனக்கு அம்புக்குறிகளாக மட்டும் இருந்த படங்கள், சுவரில் சாய்த்த ஏணியாகவும் கயிற்றில் தொங்கும் வாளியாகவும் மாறின. அடுத்த தேர்வில் சித்தியடைந்தேன். பெறுபேற்றுப் பலகைக்கு முன்னால் நின்று, தன் பெயரைத் தேடுவதற்கு முன்னர் அவன் என் பெயரைத் தேடினான்.

கட்டுமானப் பொருள்களைச் சோதிக்கும் ஆய்வுகூடத்தில் அவனுக்கு ஒரு பழக்கம் உண்டு. நாங்கள் வார்த்த கொங்கிறீட் கட்டியை இயந்திரத்தில் வைத்து நசுக்கும்போது அவன் மட்டும் பார்க்க மாட்டான். முகத்தைத் திருப்பிக்கொள்வான். “கஷ்டப்பட்டுச் செஞ்சோமே,” என்பான். கட்டி உடைந்த சத்தம் கேட்ட பிறகுதான் “எவ்வளவு தாங்கிச்சு?” என்று திரும்புவான்.

மூன்றாம் ஆண்டில் அவன் வாப்பாவைப் பக்கவாதம் சாய்த்தது. அக்குறணைக் கடைவீதியில் அவருக்கு ஹாட்வெயார் கடை இருந்தது. மூத்த பிள்ளை ரிஸ்வான். கீழே தங்கைகள் மட்டும். அவன் பையை எடுத்துக்கொண்டு போனான், வரவில்லை. தொலைபேசியில் கேட்டால், “இன்ஷா அல்லாஹ், பாப்போம்,” என்பான். அவன் அப்படிச் சொன்னால் அநேகமாக இல்லை என்று அர்த்தம்.

ஒரு சனிக்கிழமை குகனும் நானும் பஸ் ஏறி அவன் கடைக்கே போனோம். சீமெந்து மூட்டைகளுக்குப் பின்னால் ஒரு சின்ன மேசை. அதில் புத்தகத்தை வைத்தேன்.

“இது என்னத்துக்கு?” என்றான்.

“குப்பி. இந்தத் தடவ நான் எடுக்கிறேன்,” என்றேன்.

“நான் திரும்பி வாறதா இல்ல, சுமதி.”

“வராட்டியும் பரவால்ல. படிச்சு வைங்க.”

நட்பு எவ்வளவு நெருங்கியபோதும் என்னை அவன் “நீங்க” என்றுதான் கூப்பிட்டான். நானும் அப்படியே பழகிவிட்டேன். அதன் பிறகு சனிக்கிழமைகள் எல்லாம் அக்குறணையில் கழிந்தன. ஆணி கேட்டு ஒருவர் வருவார், சுவருக்குப் பூசும் தீந்தை கேட்டு இன்னொருவர் வருவார். இடையிடையே கட்டமைப்பு வடிவமைப்புப் பாடம் நடக்கும். அவன் உம்மா கடைக்குப் பின்னால் இருந்த வீட்டிலிருந்து தேநீரும் சுடச்சுட ரொட்டியும் அனுப்புவார். கொங்கிறீட் நசுக்கலைத் தாங்கும், இழுவையைத் தாங்காது, இழுபடும் பக்கத்தில் கம்பி வேண்டும் என்று நான் விளக்கியபோது, அவன் எழுந்துபோய் மூலையில் சாத்தியிருந்த கம்பிகளைத் தடவிப் பார்த்தான். “சின்ன வயசுல இருந்து இதை வித்தீக்கிறேன். எங்க வைக்கிற, ஏன் வைக்கிற எண்டு இப்பதான் வெளங்குது,” என்றான்.

அந்தச் சனிக்கிழமைகளில் ஒன்றைப் பற்றித்தான் முக்கியமாக எழுத நினைத்தேன். அன்று நாங்கள் படித்துக்கொண்டிருந்தது ஒருபக்கம் மட்டும் பிடிமானம் உள்ள தட்டுகளைப் பற்றி. பல்கனி மாதிரி, சுவரிலிருந்து வெளியே நீண்டு அந்தரத்தில் நிற்பவை. நஸீர் நானா என்று எல்லோரும் அண்ணன் முறை வைத்துக் கூப்பிடும் அதே தெருக்காரர் கட்டுக்கம்பி வாங்க வந்தார். அவசரத்தில் இருந்தார்.

“பின்னேரம் பல்கனிக்குக் கொங்கிறீட் போடுற. சுருக்கா தாங்க தம்பி.”

கம்பியை நிறுத்துக்கொண்டே ரிஸ்வான் கேட்டான்: “நானா, பல்கனிக்குக் கம்பி மேலயா அடியிலயா?”

“அடியிலதான். மத்த சிலெப்புக்கு வெச்ச மாதிரி.”

ரிஸ்வான் என்னைத் திரும்பிப் பார்த்தான். “சுமதி, இப்ப நாங்க படிச்சது சரிதானே?”

“சரிதான்.”

“நிச்சயமா?”

தேர்வுத்தாளில் எழுதுவது வேறு, ஒருவருடைய வீட்டைப் பற்றிச் சொல்வது வேறு. புத்தகத்தை மறுபடி புரட்டினேன். குகனும் எட்டிப் பார்த்து, “ஓம், மேலதான் வரவேணும்,” என்றான். “நிச்சயம்,” என்றேன்.

ரிஸ்வான் கடைக்கதவை இழுத்துப் பூட்டினான். சனிக்கிழமை, கடைத்தெரு நிறைய ஆட்கள், வியாபாரம் சூடாக நடக்கும் நேரம்.

நஸீர் நானாவின் வீட்டில் மணலும் கல்லும் குவித்து, ஆட்கள் தயாராக நின்றார்கள். விஷயத்தைச் சொன்னதும் நானாவுக்குக் கோபம் வந்தது. “இண்டைக்குப் போடாட்டி இந்த ஆக்களத் திரும்பப் புடிக்கேலாது. நீங்க இன்னம் படிச்சே முடிக்கல்லையே தம்பி!”

“அது சரிதான் நானா. படிச்சு முடிக்கல்ல. ஆனா இதைப் படிச்சீக்கி.”

அவன் வாதாடவில்லை. வாசலில் கிடந்த பழைய ரப்பர் செருப்பொன்றை எடுத்து, அதன் மேல்பக்கத்தில் கத்தியால் குறுக்கே இலேசாகக் கீறினான். குதிப் பக்கத்தைச் சுவரோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, நுனியைக் கீழே அமுக்கினான். கீறல் வாயைத் திறந்தது. செருப்பைப் புரட்டி, கீறல் அடியில் இருக்கும்படி பிடித்து, மறுபடி அமுக்கினான். இப்போது திறக்கவில்லை.

“பல்கனியில ஆக்கள் நிண்டா மேல்பக்கம்தான் கிழியும். கம்பி அங்கதான் ஈக்கோணும்.”

கொத்து வேலைக்குத் தலைவரான மேசன் பாஸ் செருப்பை வாங்கித் தானும் அமுக்கிப் பார்த்தார். பிறகு பல்கனியின் நீளத்தை அண்ணாந்து பார்த்தார். “சின்னதா நீட்டுறப்போ ஒன்னும் ஆகல. இது ரொம்ப நீளந்தான். கழட்டுங்கப்பா,” என்று தன் ஆட்களிடம் சொன்னார். அன்று பின்னேரம் முழுவதும் அவரோடு சேர்ந்து நாங்களும் கம்பி கட்டினோம். குகனின் கை பொத்துப்போய், கிழமை முழுக்கப் புலம்பினான். நஸீர் நானா கடைசிவரை எங்களோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனால் போகும்போது வாழைப்பழச் சீப்பொன்றைக் குகனின் கையில் திணித்தார்.

நாங்கள் திரும்பியபோது, பூட்டிய கடைக்கு முன்னால் கதிரை போட்டு வாப்பா உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பேச்சு அப்போதும் முழுதாகத் திரும்பியிருக்கவில்லை.

“கட... ஏன் பூட்டி?”

ரிஸ்வான் நடந்ததைச் சொன்னான். “பல்கனி... உழுந்தீக்குமா?” என்றார் அவர்.

“இண்டைக்கே இல்ல வாப்பா. ஒரு நாளைக்கு. ஆக்கள் நிக்கக்குள்ள.”

“நான் வித்த கம்பி,” என்றார் வாப்பா. அவ்வளவுதான். அவர் கோபமாக இருக்கிறாரா இல்லையா என்று எங்களுக்குத் தெரியவில்லை. பயந்துகொண்டே பஸ் ஏறினோம்.

அடுத்த சனிக்கிழமை போனபோது கடையில் ரிஸ்வான் இல்லை. அவன் மச்சான், அதாவது தங்கையின் கணவர், கல்லாவில் இருந்தார். வாப்பா என்னைக் கையசைத்துக் கூப்பிட்டார். ஒவ்வொரு சொல்லாக எடுத்துச் சொன்னார்: “மகள்... அவனை... கூட்டிட்டுப் போங்க. கடைக்கி... ஆள் ஈக்கி.” உள்ளேயிருந்து ரிஸ்வான் பையோடு வந்தான். முகம் கழுவியிருந்தான். ஆனால் கண் சிவந்துதான் இருந்தது.

அவன் எங்களுக்கு அடுத்த பெட்ச்சோடு பட்டம் பெற்றான். அன்று மண்டபத்துக்கு வாப்பாவைக் கதிரையோடு நானும் குகனும் ஆளுக்கொரு பக்கமாகப் பிடித்துத் தூக்கிக்கொண்டு போனோம்.

பிறகு வேலை, கல்யாணம், பிள்ளைகள் என்று எல்லோரும் சிதறினோம். குகன் நாட்டைவிட்டுப் போனான். ரிஸ்வான் கண்டியைச் சுற்றியே பாடசாலைக் கட்டடங்களும் மதகுகளும் கட்டினான். பேசாமல் மாதங்கள் போகும், பேசினால் நேற்று விட்ட இடத்திலிருந்து தொடங்குவோம்.

போன வருடம் நான் ஒரு சிக்கலில் இருந்தேன். எங்கள் தொழிற்சாலைக் கட்டடத்துக்குப் பின்னால் வெட்டிய மண்மேட்டுக்குத் தாங்குசுவர் கட்டாமல் மேலே வேலையைத் தொடரக் கூடாது என்று சொல்லியிருந்தேன். கொந்தராத்துக்காரர், முதலாளி, மற்றப் பொறியியலாளர்கள் எல்லோருக்கும் அது பிடிக்கவில்லை. அடுத்த நாள் கூட்டம். தொலைபேசியில் ரிஸ்வானிடம் அதைச் சொல்லிப் புலம்பினேன். அவன் படங்களை அனுப்பச் சொன்னான். பார்த்துவிட்டு, “நீங்க சொல்றது சரி,” என்றான். அவ்வளவுதான்.

மறுநாள் கூட்டம் தொடங்கும்போது கதவைத் திறந்துகொண்டு அவன் வந்தான். மழையில் நனைந்திருந்தான். “சுமதிட கூட்டாளி. பேச வரல்ல, சும்மா கேட்டுட்டுப் போறேன்,” என்று சொல்லிவிட்டு எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். உண்மையிலேயே ஒரு வார்த்தை பேசவில்லை. நான்தான் பேசினேன். எனக்கே ஆச்சரியமாக, குரல் நடுங்காமல் பேசினேன். தாங்குசுவர் கட்டுவதென்று முடிவாயிற்று.

வெளியே வந்ததும், “ஒரு வார்த்தையாவது சொல்லியிருக்கலாமே!” என்றேன்.

“நீங்க சொன்னதுக்கு மேல எனக்குச் சொல்ல ஒண்டும் இல்ல. அவ்வளவு பேருக்கு முன்னால தனிய இருந்து சொல்றதுதான் கஷ்டம். அதுக்குத்தான் வந்த.”

அதுதான் நான் அவனைக் கடைசியாக நேரில் பார்த்தது.

அவன் இறந்த பிறகு எங்கள் வேலையிடத்தில் நடந்த முதல் கூட்டத்தில், புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஒரு பெண் பொறியியலாளர் எழுந்து, ஒரு தூணின் அத்திவாரம் சரியில்லை, தோண்டிப் பார்க்க வேண்டும் என்றார். அறையில் யாருக்கும் அது பிடிக்கவில்லை. அவர் குரல் தாழ்ந்துகொண்டே போயிற்று. நான் அந்த வரைபடத்தை முன்னரே பார்த்திருந்தேன். அவர் சொன்னது சரி. பேச வாயெடுத்தேன். பிறகு பேசவில்லை. எழுந்து, என் கதிரையைத் தூக்கிக்கொண்டுபோய் அவருக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தேன்.

அவர் ஒருமுறை என்னைப் பார்த்தார். பிறகு முதலிலிருந்து, இன்னும் கொஞ்சம் உரத்த குரலில், சொல்லத் தொடங்கினார். ரிஸ்வானிடமிருந்து நான் பெற்று வைத்துக்கொண்டது பக்கத்தில் உட்காரும் அந்த இடம்தான்.