பல் மருத்துவமனையில் டோமினோ

உலகமே வீட்டுக்குள் அடைந்துகிடந்த 2020 ஏப்ரலில்தான் கிளெனிஸ் பார்டோ ஊர் சுற்றக் கிளம்பினாள். முப்பத்தோரு வருடம் பள்ளிக்கூடச் சமையலறையில் உருளைக்கிழங்கு மசித்தவள். வருடத்துக்கு இரண்டு வாரம் ஸ்பெயினுக்குப் போய்த் தோல் உரிய வெயிலில் படுத்துவிட்டு வருவாள். அங்கே எந்தச் சந்தில் எந்தக் கடை என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வாள். இங்கிலாந்தில் எங்கள் ஊரான டிப்டனில் வீட்டுக்குப் பின்னால் பத்து நிமிட நடையில் ஓடும் கால்வாய் எங்கே போகிறது என்று கேட்டால், "பர்மிங்ஹாம் பக்கம்" என்று கையை எதிர்த்திசையில் நீட்டுவாள்.

நாளுக்கு ஒரு தடவை நடக்கலாம் என்று அரசு சொன்னது. வெளியே போகாதே என்று சொன்ன பிறகுதான் எங்கள் தெருவில் எல்லோருக்கும் வெளியே போகும் ஆசை வந்தது. கிளெனிஸ் மிச்சமிருந்த வால்பேப்பர் சுருளின் பின்பக்கத்தில் வரைபடம் போட்டாள். நடந்து போகும் தூரத்தில் இருபத்து மூன்று பப்புகள். அத்தனையும் பூட்டிக்கிடந்தன. தினம் ஒன்றின் வாசலில் நின்று பிளாஸ்க் தேநீரைக் குடித்துவிட்டு, வீட்டுக்கு வந்து படத்தில் ஒரு பெருக்கல் குறி போடுவாள். திறந்திருந்த காலத்தில் அவற்றில் ஒன்றைத் தவிர வேறெதன் கதவையும் அவள் தள்ளியதில்லை.

கணவன் ரோலண்டும் கூடவே நடப்பான். சங்கிலித் தொழிற்சாலையில் நாற்பது வருடம் இருந்தவன், சத்தத்துக்குப் பழகிப்போய்ப் பேச்சைக் குறைத்துக்கொண்டவன். வாரத்தில் ஒரு நாள் அவனுடையது. வியாழக்கிழமை மாலை 'நங்கூரம்' பப்பில், புள்ளி போட்ட கட்டைகளை வைத்து ஜோடி ஜோடியாக ஆடும் டோமினோ ஆட்டம். அது கிளெனிஸின் அப்பா ஈனக் அணித்தலைவராக இருந்த பப். அவர் இறந்த பிறகு அந்தப் பக்கம் போக அவளுக்கு மனம் வரவில்லை. ஆனால் வாராவாரம் ரோலண்ட் சேதி கொண்டுவருவான். புதுக் கம்பளம் விரித்தது, கழிப்பறைக் கதவு மாற்றியது, கணப்புக்கு மேலே உன் அப்பாவின் போட்டோ இன்னும் தொங்குகிறது என்பது. கடைசிச் சேதிக்காகவே அவள் வியாழக்கிழமை தூங்காமல் காத்திருப்பாள்.

ஆகவே, இருபத்திரண்டு பெருக்கல் குறி விழுந்த பிறகும் நங்கூரம் மட்டும் மிச்சமிருந்தது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. நான் பக்கத்து வீடு. வேலிக்கு மேல் எல்லாம் கேட்கும்.

"வடக்குப் பக்கம் மட்டும் வேணாம்மா. அன்னம் முட்டை போட்டிருக்கு. கிட்டப் போனா கொத்தும்."

"முந்தின வாரம் முட்டிவலின்ன. போன வாரம் சேறுன்ன. இப்ப அன்னமா? எங்கப்பா படத்தை ஜன்னல் வழியா ஒரு தடவை பாத்துட்டு வந்துடறேன். நீ வந்தா வா, வராட்டிப் போ."

அவனும் கூடவே போனான். நானும் என் நாயுமாகப் பத்தடி பின்னால் போனோம். நாய்க்கும் அந்தப் பக்கம்தான் பிடித்திருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கால்வாய்க் கரையில் கட்டடம் நின்றது. சுவரில் நங்கூரமும் இருந்தது. கிளெனிஸ் இரண்டு கையையும் கண்ணோரம் குவித்து ஜன்னலில் முகத்தை வைத்தாள். வைத்தவள் அப்படியே நின்றுவிட்டாள். கணப்பு இருக்க வேண்டிய இடத்தில் ஆளுயரக் கடைவாய்ப்பல் பொம்மை ஒன்று சிரித்துக்கொண்டிருந்தது. கதவில் எழுதியிருந்தது: 'பல் மருத்துவமனை. 2012 முதல் உங்கள் புன்னகைக்காக.'

அவள் விரல் விட்டு எண்ணினாள்.

"எட்டு வருஷமா நீ பல் டாக்டர்கிட்டயா டோமினோ ஆடுன?"

ரோலண்ட் தண்ணீரைப் பார்த்தான்.

"யாரு அவ?"

"அவளும் இல்ல, இவளும் இல்ல."

"அப்ப அவனா?"

"ஐயோ, கிளெனிஸ்!"

"கம்பளம் விரிச்சாங்கன்ன. என்ன கலருன்னு கேட்டேன், பச்சைன்ன. எங்கப்பா படத்தைத் தொடச்சு வெச்சாங்கன்ன." கதவில் எழுதியிருந்ததை விரலால் குத்திக் காட்டினாள். "நாப்பத்தோரு வருஷம், மனுஷா. நான் எங்கக்கா வீட்டுக்குப் போறேன். இனி உன்னோட இருக்க மாட்டேன்."

சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது. அக்கா வீட்டுக்குப் போக அனுமதியில்லை. புருஷனை விட்டுப் போக நினைத்த அன்று, அவனோடு மட்டும்தான் இருக்கலாம் என்று சட்டம் சொன்னது.

"நடந்ததைச் சொல்லு. சொன்னதுக்கப்புறம்தான் நீ எனக்கு வேணுமா வேணாமான்னு பாக்கணும்."

"வா, காட்டறேன்." ரோலண்ட் முன்னால் நடந்தான். அடுத்த பாலத்தைத் தாண்டியதும், கிளெனிஸ் வரைபடத்தில் வேண்டுமென்றே சேர்க்காமல் விட்ட 'குதிரைலாடம்' பப். மாடி ஜன்னல் திறந்தது. முதலாளியம்மா மேவிஸ் முடிச்சுருட்டிகளோடு தலையை நீட்டினாள்.

"கேப்டன்! எட்டு வருஷத்துல ஒரு வியாழன் நீ தப்புனதில்ல, இப்ப கடை மூடி அஞ்சு வாரமா உன்னைப் பாக்காம பசங்க போன்ல அழறானுங்க!" பிறகுதான் பக்கத்தில் நிற்பது யாரென்று பார்த்தாள். "அய்யய்யோ" என்றாள். ஜன்னலை மட்டும் சாத்தவில்லை.

டிப்டன்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 1979 இறுதி ஆட்டத்தில், ஈனக் இருமி இருமித் தன் ஜோடிக்குக் கட்டைகளைக் காட்டிக்கொடுத்தார் என்று சொன்னவர்கள் குதிரைலாடத்துக்காரர்கள். கோப்பையைப் பிடுங்கிக்கொண்டார்கள். அன்றிலிருந்து அந்தக் குடும்பத்தில் ஒருவரும் அந்த வாசலை மிதித்ததில்லை. இப்போது மாப்பிள்ளையே அதன் அணித்தலைவர்.

கிளெனிஸ் அவன் பக்கம் திரும்பினாள். "ஒரு பொம்பளைன்னு சொல்லியிருந்தாக்கூட மன்னிச்சிருப்பேன்."

"நங்கூரத்தை மூடிட்டாங்க. நான் எங்க போவேன்? இவங்கதான் கூப்பிட்டாங்க. நல்லா ஆடறவங்கம்மா."

"எங்கப்பாவைத் திருடன்னு சொன்னவங்க!"

ரோலண்ட் வாழ்நாளில் அடக்கிவைத்த சத்தமெல்லாம் அப்போது வெளியே வந்தது. "உங்கப்பா நிஜமாவே இருமினாரு! ரெண்டு இருமினா கையில ஆறு புள்ளிக் கட்டை இருக்குன்னு அர்த்தம். அவரோட ஜோடியே சாகறதுக்கு முன்னாடி இங்க வந்து ஒத்துக்கிட்டான். உனக்குத் தெரிஞ்சா தாங்கமாட்டியேன்னுதான் எட்டு வருஷமா பொய் சொன்னேன்."

கரையில் எதிரே வந்த ஒரு சைக்கிள்காரர் இறங்கி நின்றுவிட்டார்.

"மூணு" என்றாள் கிளெனிஸ்.

"என்ன?"

"ஆறுக்கு மூணு இருமல். ரெண்டு, அஞ்சுக்கு. ஞாயித்துக்கிழமை சமையலறையில எங்கம்மாவை உக்காரவெச்சுப் பழகுவாரு. நான்தான் கட்டை பிரிச்சுக் குடுப்பேன்."

ரோலண்டுக்கு வாய் திறந்தது, மூடவில்லை. எனக்கும்தான். மேலே மேவிஸ் ஜன்னல் சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"தெரியுமா? உனக்குத் தெரியுமா? அப்ப எதுக்கு நாப்பது வருஷமா இந்தப் பக்கம் திரும்பாம..."

"அவர் திருடன்தான். அதைச் சொல்ல நான் இருக்கேன். இவங்க யாரு?" மாடியைப் பார்த்துக் கத்தினாள். "நீங்க யாருடி?"

மேவிஸ் தலையை உள்ளே இழுத்துக்கொண்டாள். எட்டு வருடம் கட்டிக்காத்த ரகசியம் தன் பக்கம் நிற்கும் என்று ரோலண்ட் நம்பியிருந்தான். அது அவனுக்கு ஒரு காசுக்கும் உதவவில்லை. உண்மை தெரியாதவளிடமாவது உண்மையைச் சொல்லித் தப்பலாம்.

தீர்ப்பு அங்கேயே சொல்லப்பட்டது. "போய்த் தொலையறதுக்கு எனக்கு இடமில்ல, உனக்கும் இல்ல. சட்டப்படி ஆறடி தள்ளி நில்லு. வீட்டுக்குள்ளயும். அரசாங்கம் எப்ப விடுதோ அப்ப நானும் விடறேன்."

சொன்னபடியே நடந்தது. ரோலண்ட் பின்னறைக்குப் போனான். சாப்பாட்டுத் தட்டு மாடிப்படியில் வைக்கப்பட்டது. மே, ஜூன் இரண்டு மாதமும் கரையில் அவள் முன்னால், அவன் ஆறடி பின்னால். எங்கள் தெருவில் அந்த விதியை அப்படிக் கடைப்பிடித்த தம்பதி வேறு கிடையாது.

ஜூலையில் பப்புகள் திறந்த அன்றே ஆறடியும் மூன்றடியானது. கிளெனிஸும் குறைத்துக்கொண்டாள். "இனிமே வியாழக்கிழமைச் சேதியை நானே பாத்துக்கறேன்" என்றாள்; அடுத்த வியாழக்கிழமை இருவரும் குதிரைலாடத்துக்கே போனார்கள். டோமினோ கட்டைகளை யாரும் தொடக்கூடாது என்று மேவிஸ் பெட்டியைப் பூட்டிவைத்திருந்தாள். அணியினர் வெறும் மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். கிளெனிஸ் பக்கத்து மேசையில், அவர்களுக்கு முதுகைக் காட்டி, கால்வாயைப் பார்த்து உட்கார்ந்தாள். மேவிஸ் ஒரு கிளாஸில் அரை பைன்ட் பியரைக் கொண்டுவந்து வைத்தாள். கிளெனிஸ் அதைத் தொடவில்லை.

அடுத்த வியாழனும் போனாள். அன்றும் தொடவில்லை. அதற்கடுத்த வியாழன் மழை; அன்று ரோலண்டுக்கு முன்னால் கோட்டை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றவள் அவள்தான்.