பீரங்கிக்கு மிஞ்சிய ஒரு சொல்

கல்லூரியில் அவளுக்குக் கடுகு என்று பெயர். ஆள் அவ்வளவு சிறிது, காரத்துக்கும் குறைவில்லை. அவளோடு வேதியியல் படித்தவன் பீரங்கி. பேச்சுப் போட்டிக்கு அவன் பெயர் கொடுத்திருக்கிறான் என்று தெரிந்தால் பாதிப் பேர் கழன்றுகொள்வார்கள். அந்தப் பீரங்கியைத்தான் கடுகு கட்டிக்கொண்டாள். கல்யாணத்துக்குப் பிறகும் இருவரும் வாடா, போடி என்றே பேசிக்கொண்டார்கள். மாமியார் காதைப் பொத்திக்கொண்டு நடமாடியதுதான் மிச்சம். காலையில் தொடங்கும் சண்டை, அவன் விட்ட இடத்தில் மாலையில் அவள் எடுக்க, சிரிப்பில் போய் முடியும். பிள்ளை இல்லாத குறைகூட அந்த இரைச்சலில் அமுங்கிக் கிடந்தது.

அவள் ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தாள். அவன் மருந்துக் கம்பெனிக்காக ஊர் ஊராகப் போய்ப் பேசியே பிழைத்தான். ஐம்பதைத் தாண்டிய வயதில் ஒருநாள், பல் துலக்கிக்கொண்டிருந்தவன் வாஷ்பேசினைப் பிடித்தபடியே சரிந்தான். வலது கையும் காலும் போயின. கூடவே பேச்சும். எத்தனையோ பயிற்சிக்குப் பிறகு "சரி" என்ற ஒரே சொல்தான் திரும்பி வந்தது. பசித்தாலும் சரி, வலித்தாலும் சரி, வேண்டாம் என்பதற்கும் சரி. அடுத்தவர் பேசுவது மட்டும் ஒன்று விடாமல் புரிந்தது. அதுதான் கொடுமை.

முதலில் கூட்டமாக வந்த சொந்தக்காரர்கள், பிறகு போனில் விசாரித்தார்கள். பிறகு அதுவும் நின்றது.

அவன் விழுந்த ஏழாம் வருஷம், பழைய வகுப்புக்காரர்கள் எல்லோரும் வெளியூர் ஹோட்டலில் கூடினார்கள். கடுகால் போக முடியவில்லை. அதைக் கேள்விப்பட்டு, மறுநாளே இருவர் வீட்டுக்கு வருவதாகச் சொன்னார்கள். ஒருவன் நெட்டை, இப்போது வக்கீல். கல்லூரியில் பீரங்கியிடம் ஒவ்வொரு போட்டியிலும் தோற்றவன். இன்னொருத்தி பள்ளிக்கூடத் தலைமையாசிரியை.

செய்தியைச் சொன்னதும் பீரங்கி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். சவரம் செய்ய விடவில்லை. நண்பர்கள் உள்ளே வந்தபோது, நல்ல கையால் போர்வையை முகத்துக்கு மேல் இழுத்துக்கொண்டான். நெட்டை கட்டிலருகே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தான். தலைமையாசிரியை கடுகின் பின்னாலேயே சமையலறைக்கு வந்தாள்.

"எப்படிடி இருக்கே?"

"பரவாயில்லை. போன வாரம் சுவரைப் பிடிச்சுக்கிட்டு ஹால் வரைக்கும் நடந்தான். பிரஷரும் இறங்கியிருக்கு."

"அவனைக் கேக்கலை. உன்னைக் கேட்டேன்."

கடுகிடம் அந்தக் கேள்வியை யாரும் கேட்டு வருஷக்கணக்கில் ஆகியிருந்தது. உள்ளே கேட்கக் கூடாதென்று குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

"அவனோட சண்டை போட்டு எவ்வளவு நாளாச்சு தெரியுமா? நான் என்ன சொன்னாலும் சரிங்கிறான். எதிர்த்துப் பேச எனக்கு ஆளே இல்லைடி."

தோழி அவள் முதுகில் கையை வைத்தபடி நின்றாள்.

அப்போதுதான் அறையிலிருந்து நெட்டையின் குரல் உயர்ந்தது.

"டேய் பீரங்கி, அந்தக் கடைசிப் போட்டியில நீ பேசினது அத்தனையும் தப்பு! பொறுமைங்கிறது கோழையோட சாக்குன்னு சொல்லிக் கைதட்டு வாங்கினே. இப்ப சொல்லுடா, பொறுமைதானே பெரிசு?"

இருவரும் ஓடினார்கள். போர்வை விலகியிருந்தது. பீரங்கி தலையை இல்லை, இல்லை என்று ஆட்டியபடி, கழுத்து நரம்பு புடைக்க, "சரி! சரி! சரி!" என்று கத்தினான். தோழி தடுக்கப் போனாள். கடுகு அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள். அவன் கண்ணில் பழைய கோபம் எரிந்தது. அதைப் பார்த்து அவளுக்கு எத்தனை காலமாயிற்று!

கொஞ்ச நேரம்தான். மறுக்க நினைப்பதெல்லாம் ஒப்புதலாகவே வெளியே வருவது அவன் காதிலேயே விழுந்திருக்க வேண்டும். வாய் கோணி, குழந்தை போல விசும்பினான். நெட்டை கட்டிலின் விளிம்பில் தலையைக் கவிழ்த்தான்.

"மன்னிச்சிடுடா. வாயை வெச்சுக்கிட்டுச் சும்மா இருந்திருக்கணும்."

பீரங்கி இடது கையை நகர்த்தி, அவன் நரைத்த தலைமயிரைப் பிடித்து ஒரு உலுக்கு உலுக்கினான்.

அதன் பிறகு நெட்டை அடிக்கடி வந்தான். வரும்போதெல்லாம் ஒரு வழக்கைச் சொல்லி வம்புக்கு இழுப்பான். அவன் வருகிற நாளில் பீரங்கி தானாகவே சவரத்துக்கு முகத்தை நீட்டுவான். கடுகும் நடுவில் புகுந்து இரண்டு பேரையும் திட்டுவாள். வீட்டில் மறுபடி சத்தம் கேட்டது.

அது நீடிக்கவில்லை. மழைக்காலத்தில் பீரங்கியைப் பக்கவாதம் இரண்டாம் முறை தாக்கியது. ஆஸ்பத்திரியில் கண் விழிக்காமலே போய்விட்டான். கோர்ட்டையே ஒரு கை பார்க்கும் நெட்டை, அன்று முழுக்க ஒரு வார்த்தை பேசவில்லை. தலைமையாசிரியை லீவு போட்டுவிட்டுக் கடுகோடு தங்கினாள். பிறகு அவளும் போக வேண்டியிருந்தது.

கடுகு வேலைக்குத் திரும்பினாள். ஞாயிற்றுக்கிழமைகளில் நெட்டை போன் செய்கிறான்.

"சாப்பிட்டியா?"

"ஆச்சு. நீ?"

"ஆச்சு."

அதற்கு மேல் இருவருக்கும் பேச எதுவும் இருப்பதில்லை. ஆனாலும் யாரும் முதலில் போனை வைப்பதில்லை.