தயிர் சாதம் தின்ற அல்சேஷன்

வலியசாலை அக்ரஹாரத்தில் எங்கள் வீட்டு நாய் தயிர் சாதம் தின்கிறது என்பதில் என் கணவருக்கு அப்படி ஒரு பெருமை. குட்டியாக அவர் கொண்டுவந்த அல்சேஷன் அது. வருகிறவர் போகிறவரிடமெல்லாம், "நம்மாத்து நாய் மாமிசம் தொடாதாக்கும்" என்பார். யாராவது கொடுத்துப் பார்த்தால் அல்லவா தெரியும்! ஏகாதசியன்று எங்களோடு அதற்கும் கோதுமைக் கஞ்சிதான். போன ஜன்மத்தில் வேதம் படித்திருக்கும் என்று தெருவில் சிலாகித்தார்கள். நானும் ஒன்பது வருஷம் அந்தப் பேச்சைக் கேட்டுச் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன். இப்போது நினைத்தால் என் மேலேயே எரிச்சல் வருகிறது.

தொண்ணூறுகளின் கடைசியில் அதற்குப் பின்னங்கால்கள் தளர்ந்துவிட்டன. கொல்லையிலிருந்து வீட்டுக்குள் வர ஒரே ஒரு படி. அதில் ஏற முடியாமல் கீழேயே நின்று எங்களைப் பார்க்கும். மிருக டாக்டர் மலையாளி. என்ன கொடுக்கிறீர்கள் என்று கேட்டார். சொன்னேன்.

"சேச்சி, இது நாயாணு, பசுவல்ல" என்றார். தசையெல்லாம் கரைந்துவிட்டது, இவ்வளவு பெரிய உடம்பை அந்தக் கால்கள் எப்படித் தாங்கும்? கொழுப்பில்லாத பச்சை இறைச்சியும், கடிக்கக் கொஞ்சம் இளம் எலும்பும் கொடுங்கள், இல்லாவிட்டால் சீக்கிரம் படுத்துவிடும் என்றார்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் கணவர் குதித்தார். "அக்ரஹாரத்துல மாமிசமா? நாலு பேர் என்ன சொல்லுவா?"

"அந்த நாலு பேரா வந்து இதைத் தூக்கிண்டு படியேறப் போறா?" என்று கேட்டேன்.

மறுநாள் ஆபீஸ் விட்டு வரும் வழியில், ஆரியசாலைக்கு அப்பால் இருந்த இறைச்சிக் கடைக்கு நானே போனேன். பிறந்ததிலிருந்து அந்த மாதிரிக் கடையை நேராகப் பார்த்ததில்லை. முந்தானையால் மூக்கைப் பொத்தி, முகத்தைத் திருப்பிக்கொண்டு, "பெரிய நாய், பெரிய எலும்பாக் கொடுங்கோ" என்று சொல்லி, கொடுத்ததை வாங்கிக்கொண்டு ஓடி வந்தேன். அது எந்த மிருகத்தின் எலும்பு என்றுகூடப் பார்க்கவில்லை.

மூன்றாம் நாள் நாயின் வாயில் ரத்தம். கடைவாய்ப் பல் ஒன்று பிளந்திருந்தது. டாக்டர் அதைப் பிடுங்கிவிட்டு என்னைத் திட்டினார். கிழ நாய்க்குக் கல் மாதிரி இருக்கும் தொடை எலும்பையா கொடுப்பது என்றார். நாலைந்து நாள் மோர் மட்டுமே குடித்தது.

"நான் அப்பவே சொன்னேனே, அதுக்கு விதிச்சது தயிர் சாதம்தான்" என்றார் கணவர். அந்த முகத்தில் இருந்த திருப்தியைப் பார்த்தபோது கையிலிருந்த கரண்டியை எறியலாம் போலிருந்தது. ஆனால் தப்பு என்னுடையது. ஆசாரத்தைக் காப்பாற்றிக்கொள்ளக் கண்ணை மூடிக்கொண்டது நான், பல் போனது அதற்கு.

மறுபடி போனபோது முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டேன்.

"மாமி, இங்கோட்டு நோக்கணும். நோக்கி எடுத்தாத்தான் நல்லது கிட்டும்" என்றார் கடைக்காரர். விரலால் அழுத்தி எது புதுசு என்று காட்டினார். கொழுப்பைச் சீவி எறிந்துவிட்டு, இறைச்சியையும் கோழிக் கழுத்தையும் பொடியாகக் கொத்திக் கொடுத்தார். முகத்தைத் திருப்பாமல் எல்லாவற்றையும் பார்த்தேன்.

தினமும் கொல்லையில் உட்கார்ந்து என் கையால் ஊட்டினேன். கிணற்றடியில் குளித்துவிட்டுத்தான் உள்ளே வருவேன். பழக்கம் அவ்வளவு லேசில் போகுமா?

இரண்டு மாதம் கழித்து ஒரு சாயங்காலம், அது தானாகவே படியேறியது. தள்ளாடிக்கொண்டே நேராகக் கணவரின் நாற்காலிக்குப் போய், அவர் முழங்காலில் தலை வைக்கப் பார்த்தது. அவர் காலை மேலே இழுத்துக்கொண்டார்.

"சீ, போ அந்தண்டை. வாயெல்லாம் மாமிசம்."

அதற்குப் புரியவில்லை. வாலை ஆட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றது. பிறகு திரும்பிப் படியிறங்கியது. மறுநாளும் வந்தது. அதற்கு அடுத்த நாளும்.

இன்னும் ஒன்றரை வருஷம் இருந்தது. ஊட்டியது நான், அது படியேறியதெல்லாம் அவருக்காக. அந்த மனுஷன் ஒரு தடவைகூட அதன் தலையில் கை வைக்கவில்லை.