பின்வாசல் வழியாகப் போன அம்மாக்கள்

பம்பர மிஸ் ஓய்வு பெற்று ஆறு வருடமாகிறது. இருபத்தேழு வருடம் ஒரு மழலையர் பள்ளியில் தரையில் உட்கார்ந்தே வேலை பார்த்தவளுக்கு இப்போது நாற்காலிதான் கதி. முழங்கால் இரண்டும் அவள் பேச்சைக் கேட்பதில்லை. ஆனாலும் காலை எட்டரை ஆனால் மனசு மட்டும் கிளம்பிவிடும். அந்த நீள அறை. மெழுகுக் கலரும் ஈரக் காலுறையும் சிந்திய பாலும் கலந்த வாடை. பெரியவர்கள் குனிந்துதான் கை கழுவ முடிகிற குட்டித் தொட்டி. கணவருக்கு மாற்றலான ஊரில் பொழுது போகாமல் ஒரு மூன்று மாதத்துக்கென்று சேர்ந்த வேலை அது.

பம்பரம் அவளுடைய சாமர்த்தியம். புதிதாகச் சேரும் குழந்தை அம்மாவின் புடவையைப் பிடித்துக்கொண்டு நிற்கும். மிஸ் மேஜைமேல் சிவப்புப் பம்பரத்தை ஒரு சுண்டு சுண்டுவாள். குழந்தையின் கண் அதோடு சுற்றும், பிடி தளரும். மிஸ் கண் காட்டியதும் அம்மா பூனைபோல நழுவிப் பின்வாசல் வழியாகப் போய்விடுவாள். பம்பரம் சாயும்போது அம்மா இருக்கமாட்டாள். "நம்ம பள்ளியில முதல் நாள்கூட அழுகைச் சத்தமே கேக்காது" என்று தலைமை ஆசிரியை, அதாவது பெரிய மிஸ், சேர்க்கைக்கு வருகிறவர்களிடமெல்லாம் பெருமை அடிப்பாள். அதில் பாதிப் பெருமை தனக்கென்று பம்பர மிஸ்ஸுக்கும் தெரியும்.

ஒன்பதாவது வருடம் வந்து சேர்ந்தாள் எலிக்குட்டி. நான்கு வயது. அந்தப் பெயரை வைத்தது பள்ளி ஆயா, காரணம் பல். சேர்ந்த மூன்றாம் வாரத்துக்குள் மூன்று பேரைக் கடித்துவிட்டாள். அதுவும் பல் பதிந்து நீலம் பாய்கிற கடி.

"ராத்திரி சோறு போடறாங்களா இல்லையான்னு அவங்க அம்மாவைக் கேளுங்க மிஸ்" என்றாள் ஆயா.

"சும்மா இரு ஆயா. காதுல விழுந்தா உன்னைக் கடிக்கப்போறா."

"என்னைக் கடிச்சா அவ பல்லுதான் உடையும்."

மூன்றாவது கடி வாங்கிய குழந்தையின் அப்பா வந்து சத்தம் போட்டுவிட்டுப் போனார். பெரிய மிஸ் கதவைச் சாத்திக்கொண்டு சொன்னாள்: "அடுத்த வெள்ளிக்கிழமை வரைக்கும் பாக்கறேன். இன்னொரு பல்லு யார் மேலயாவது பட்டா, வீட்டுக்கு அனுப்பிடுவேன். எனக்கு மத்த பத்துக் குழந்தைங்களும் வேணும்."

வீட்டுக்கு என்றால் எந்த வீட்டுக்கு? எலிக்குட்டியின் அம்மா துணி தைக்கும் கம்பெனியில் வேலை பார்க்கிறவள். வேறு ஆளில்லை. அக்கம்பக்கத்தில் இரண்டு பள்ளிகள் 'கடிக்கற பிள்ளையா?' என்று கேட்டுவிட்டுக் கதவைச் சாத்தியிருந்தன.

பம்பர மிஸ் வருகைப் பதிவேட்டின் கடைசிப் பக்கத்தில் மூன்று கடிகளையும் நினைவிலிருந்து குறித்தாள். யாரை, எத்தனை மணிக்கு, அதற்கு முன்னால் என்ன நடந்தது. எழுதிப் பார்த்தபோதுதான் ஒன்று பட்டது: கடிபட்டவர்களில் யாரும் அவளை அடிக்கவில்லை, எதையும் பிடுங்கவில்லை. 'வா விளையாடலாம்' என்று கையைப் பிடித்து இழுத்தவர்கள்தான் மூவரும். விளையாட்டென்றால் இந்தப் பிள்ளைக்கு என்ன பயம்? மிஸ்ஸுக்குப் பிடிபடவில்லை.

திங்கட்கிழமை காலை ஒரு புதுப் பையன் வந்தான். வழக்கம்போலப் பம்பரம் சுற்றியது. வழக்கம்போல அவன் அம்மா பின்னால் நகர்ந்தாள். எங்கிருந்தோ பாய்ந்து வந்த எலிக்குட்டி மிஸ்ஸின் மணிக்கட்டில் பல்லைப் பதித்தாள். பிறகு அந்தப் பையனின் தோளைப் பிடித்து உலுக்கிக்கொண்டு கத்தினாள்:

"அதைப் பாக்காதடா! பாத்தா உங்க அம்மா போயிடுவாங்க!"

பின்வாசலில் ஒரு கால் வெளியே வைத்திருந்த அந்த அம்மா அப்படியே நின்றாள்.

கை வலித்ததைவிட அந்த வார்த்தைதான் மிஸ்ஸுக்கு வலித்தது. முதல் நாள் எலிக்குட்டியும் பம்பரத்தைப் பார்த்தவள்தான்; விளையாடக் கூப்பிட்ட கை ஒவ்வொன்றும் அவளுக்கு அம்மாவை மறைக்கிற கைதான். ஒன்பது வருடத்தில் எத்தனை அம்மாக்களை இப்படி மாயமாக்கியிருப்போம் என்று நினைத்துப் பார்த்து, நினைப்பை நடுவிலேயே நிறுத்தினாள். கடித்த தடத்தை முந்தானையால் மூடிக்கொண்டாள். ஆயா அதைப் பார்த்தாள். பெரிய மிஸ்ஸின் அறைக்கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

அன்று சாயங்காலம் எலிக்குட்டியின் அம்மாவிடம் பேசினாள். "நாளையிலேர்ந்து முன்வாசல்லயே நின்னு, முகத்தைப் பாத்துச் சொல்லிட்டுப் போங்கம்மா."

"ஐயோ மிஸ், ஊரைக் கூட்டிடுவா. எனக்கும் அழுகை வந்துரும்."

"வரட்டும். 'இதோ வந்துடறேன்'னு மட்டும் பொய் சொல்லாதீங்க. சாப்பிட்டு, தூங்கி எழுந்ததும் வருவேன்னு சொல்லுங்க. சொன்னபடி வந்துடுங்க."

செவ்வாய்க்கிழமை முக்கால் மணி நேரம் அழுகை. மிஸ் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். சமாதானம் சொல்லவில்லை, வேடிக்கை காட்டவில்லை. "அம்மா போனது கஷ்டமாத்தான் இருக்கும்" என்று மட்டும் இரண்டு தடவை சொன்னாள். பெரிய மிஸ் எட்டிப் பார்த்து, "என்ன இது, சந்தைக்கடையா?" என்று கேட்டுவிட்டுப் போனாள். புதன்கிழமை அரை மணி. வியாழக்கிழமை ஒன்பதேகாலுக்கு எலிக்குட்டி தானாகவே பாயை விரித்துப் படுத்து, கண்ணை இறுக்கி மூடி, இரண்டு நிமிஷத்தில் எழுந்து உட்கார்ந்தாள்.

"தூங்கி எழுந்துட்டேன். அம்மாவைக் கூப்பிடுங்க."

"இன்னும் சாப்பிடலையே கண்ணு."

"சரி, சோறு போடுங்க!"

ஆயா வாயில் முந்தானையைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினாள்.

வெள்ளிக்கிழமை பெரிய மிஸ் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வகுப்பிலேயே வந்து உட்கார்ந்துவிட்டாள். பதினொரு மணி இருக்கும். எலிக்குட்டி களிமண்ணில் ஏதோ உருட்டிக்கொண்டிருந்தாள். கொழுகொழுவென்ற ஒருத்தி வந்து அதைச் 'சப்'பென்று கையால் நசுக்கினாள். எலிக்குட்டி எழுந்தாள். வாய் திறந்தது. மிஸ் பாதி எழுந்தாள்.

"இரு, எங்க அம்மா வந்ததும் சொல்லிக்கொடுக்கறேன்! வருவாங்க!"

அவ்வளவுதான். மறுபடி உட்கார்ந்து உருட்ட ஆரம்பித்தாள்.

அப்போதுதான் மிஸ் முந்தானையை விலக்கி மணிக்கட்டைக் காட்டினாள். "திங்கக்கிழமை என்னையும் கடிச்சா. மறைச்சுட்டேன். அது எனக்கு வேண்டியதுதான்." நடந்ததைச் சொன்னாள்.

பெரிய மிஸ் தடத்தையும் எலிக்குட்டியையும் மாறி மாறிப் பார்த்தாள். "இவ்வளவு நாளும் பெருமையா வேற சொல்லிட்டிருந்தேனே" என்றாள். பிறகு, "இவ இருக்கட்டும். மத்தவங்க அம்மா அப்பாகிட்டயும் சொல்லிடு. பின்வாசலைப் பூட்டிடலாம்."

அடுத்த திங்கட்கிழமை முன்வாசலில் பன்னிரண்டு குழந்தைகளில் பத்துப் பேர் ஒரே சுருதியில் அழுதார்கள். எதிர்ச் சலவைக்கடைக்காரர் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு ஓடி வந்தார்.

"என்னம்மா, யாராவது ஊசி போட வந்திருக்காங்களா?"

"இல்ல அண்ணே" என்றாள் பம்பர மிஸ், இடுப்பில் ஒன்றும் கையில் ஒன்றுமாக. "அம்மாங்க வேலைக்குப் போறாங்க. இன்னிக்குத்தான் சொல்லிட்டுப் போறாங்க."