காலாவதி என்ற சொல்

அலுவலகத்தில் அவரைக் குடோன் என்றுதான் கூப்பிடுவார்கள். மருத்துவக் காப்பீட்டுக் கம்பெனி அது. யாருக்கு எந்தச் சிகிச்சை உண்டு, யாருக்கு இல்லை என்று தீர்மானிக்கும் விதிகள் அத்தனையும் ஒரு டேட்டாபேஸில் கிடந்தன. விதிகளை எழுதுவது வேறு பிரிவு. அவை தங்க இடம் ஒதுக்கிக் கொடுப்பது குடோனின் பாடு. சரக்கு கண்ணுக்குத் தெரியாதே தவிர இதுவும் குடோன் வேலைதான் என்று அவரே சொல்லிச் சிரிப்பார்.

அந்தச் சிரிப்பு கொஞ்ச நாளாக வற்றிப்போயிருந்தது. விதியில் ஒரு காற்புள்ளி மாறினாலும் பழையதை முழுசாகப் பிரதி எடுத்து வைத்துக்கொண்ட பிறகுதான் சிஸ்டம் புதியதை ஏற்கும். டிஸ்க் உப்பிக்கொண்டே போனது. புது டிஸ்க் கேட்டு மேலாளர் அறைக்கு நடந்ததில் செருப்பு தேய்ந்ததுதான் மிச்சம். விரலுக்குத் தகுந்த வீக்கம் போதும், இருப்பதை ஒதுக்கி இடம் பண்ணுங்கள் என்று அவர் முடித்துவிட்டார். டிஸ்க் நிரம்பி நின்றால் எந்த ஆஸ்பத்திரிக்கும் ஒப்புதல் போகாது. அன்றைக்கு மேலாளரின் பழமொழியை யாரும் தேடப்போவதில்லை. குடோனின் சட்டையைத்தான் பிடிப்பார்கள்.

வெள்ளிக்கிழமை எச்சரிக்கை விளக்கு சிவப்புக்கு மாறியது. எதை எடுப்பது என்று தேடியபோது, விதிகளில் ஒரு பெரிய கூட்டத்தின் தலையில் 'காலாவதி' என்று எழுதியிருந்தது. மாத்திரை அட்டையில் அந்தச் சொல் இருந்தால் என்ன செய்வோம்? குப்பையில் போடுவோம். குடோனும் போட்டார். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். விதிப் பிரிவு அக்கா அன்று விடுப்பு. விளக்கு பச்சையானது. வீட்டுக்குப் போய் மனைவியிடம் பெருமையாகச் சொன்னார். அந்தக் கையோடு நம் வீட்டுப் பரணையும் ஒரு பார்வை பாருங்கள் என்றாள் அவள்.

திங்கட்கிழமை வந்ததும் வராததுமாக அக்கா அவர் மேசை முன் நின்றார். ஆஸ்பத்திரிகளிலிருந்து புகார் மேல் புகார். பழைய திட்டத்துக்காரர்களை எல்லாம் சிஸ்டம் சனிக்கிழமையிலிருந்தே திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தது.

"தம்பி, காலாவதின்னு போட்டிருந்ததெல்லாம் எங்க?"

"எடுத்துட்டேன்க்கா. செத்ததுதானே அதெல்லாம்?"

"யாரு சொன்னா? இனிமே புதுசா ஆள் சேர்க்க மாட்டோம்னுதான் அதுக்கு அர்த்தம். ஏற்கெனவே சேர்ந்தவங்க அதுக்குள்ளதானே குடியிருக்காங்க."

அக்கா திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று குடோனுக்கு இருந்தது. அந்தச் சொல்லை இப்படியும் ஒருத்தர் படிப்பார் என்று எனக்குத் தோணவே இல்லையே என்று தன்னையே நொந்துகொண்டு, அக்கா புகார்களில் ஒன்றைக் காட்டினார். ஓய்வு பெற்ற பஸ் டிரைவர் ஒருவர். சிறுநீரகம் இரண்டும் போய், டயாலிசிஸில் ஓடுகிற உயிர். பழைய விதிப்படி அவருக்குக் கேள்வியில்லாமல் ஒப்புதல் வரும். புது விதியோ ஒவ்வொரு முறையும் பெரிய டாக்டர் கடிதம் கேட்கிறது. சனிக்கிழமை திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். இன்று காலையும் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள்.

பேக்கப் இருந்தது. அதை விரித்துப் போட இடம்தான் இல்லை. வெள்ளிக்கிழமை காலியான இடத்தில், மேலாளரின் ஆட்கள் சனிக்கிழமையே புதுத் திட்டத்தின் மாதிரியைக் கொண்டுவந்து நிரப்பியிருந்தார்கள். ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை விரட்டிய கதை. அன்று பிற்பகல் இயக்குநர்கள் முன் அந்த மாதிரியை ஓட்டிக் காட்டுவதாக ஏற்பாடு.

குடோன் மேலாளரிடம் போனார். தப்பு என்னுடையதுதான் என்பதை முதலிலேயே சொல்லிவிட்டு, மாதிரியை அழித்தால்தான் பழைய விதிகளைத் திரும்பக் கொண்டுவர முடியும் என்றார். மேலாளர் கண்ணாடியைத் துடைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"சாயங்காலம் பண்ணிக்கலாம். ரெண்டு நாள் பொறுத்தவங்க அரை நாள் பொறுக்க மாட்டாங்களா?"

"பொறுத்துக்கிட்டிருக்கறது நீங்களோ நானோ இல்லையே சார்."

"அழிச்சது நீங்க. இப்ப எனக்குப் பாடம் எடுக்கறீங்களா?"

குடோன் இருக்கைக்கு வந்து உட்கார்ந்தார். கேட்காமல் அழித்து ஒரு முறை ஊரைக் கெடுத்தாயிற்று. இப்போது கேட்டு, வேண்டாம் என்று சொன்ன பிறகும் அழிப்பதா? வீட்டுக் கடன், மகளின் கல்லூரி, இந்த வயதில் வேறு வேலை யார் தருவார் என்ற பயம், எல்லாம் வரிசையில் வந்து நின்றன. அவற்றுக்குப் பின்னால், முகம் தெரியாத அந்த டிரைவரும் நின்றார். குடோன் மாதிரியை அழித்துவிட்டார்.

பழைய விதிகள் ஏறி முடித்ததும் அக்கா டிரைவரின் எண்ணைப் போட்டு முயன்று பார்த்தார். ஒப்புதல் வந்தது. குடோன் டிரைவர் வீட்டுக்குப் போன் செய்தார். டிரைவரின் மனைவி எடுத்தார். இப்போதே ஆஸ்பத்திரிக்கு வாருங்கள் என்றார் குடோன்.

"மறுபடியுமா? காலையிலேருந்து மூச்சு வாங்குதுங்க அவருக்கு. கூட்டிட்டு வந்து, மறுபடி இல்லைன்னுட்டா?"

"சொல்ல மாட்டாங்கம்மா. இப்ப ஒப்புதல் இருக்கு."

"போன வாரமும்தான் இருந்துச்சு."

குடோன் முகவரியை மட்டும் வாங்கிக்கொண்டு கிளம்பினார். மேலாளர் அறையிலிருந்து குரல் உயர்ந்தது; நான் பேசிக்கொள்கிறேன் போ என்று அக்கா கையைக் காட்டினார்.

டிரைவர் வீட்டு மாடிப்படியில் அவரை ஒரு பக்கம் குடோனும் மறுபக்கம் மனைவியுமாகத் தாங்கி இறக்கினார்கள். கால்கள் தண்ணீர் கோத்து வீங்கியிருந்தன. டாக்ஸியில் ஏற்றிக் கொண்டுபோனார்கள். ஆஸ்பத்திரியில் ஒப்புதல் கேள்வியில்லாமல் வந்தது. ஆனால் நுரையீரல் வரை தண்ணீர் ஏறிவிட்டது, தீவிர சிகிச்சைப் பிரிவில் வைத்துத்தான் பார்க்க வேண்டும், எதுவும் நாளைக்குத்தான் சொல்ல முடியும் என்றார் டாக்டர்.

வெளியே பெஞ்சில் அந்த அம்மாள் அவரைத் திரும்பிப் பார்த்தார். இவ்வளவு தூரம் வந்திருக்கிறீர்களே, ஆபீஸில் உங்களுக்கு என்ன வேலை என்று கேட்டார். நன்றி சொல்லத் தயாராக இருந்த முகம். குடோன் வெள்ளிக்கிழமை அழித்ததிலிருந்து சொல்லத் தொடங்கினார்.